முடியத் தெரியாத நிரல்

அந்தக் கல்லூரியின் மூன்றாம் மாடியில், முதலாண்டு மாணவர்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் அறையும் லிஃப்ட் ஓடும் குழியும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் பாடம். இந்தப் பக்கம் லிஃப்ட்காரர்.

லிஃப்ட்காரர் என்றால் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் என்று நினைக்க வேண்டாம். வளாகத்துக் கட்டடங்களின் லிஃப்ட்களையெல்லாம் பழுது பார்க்கிறவர். மாதம் தவறாமல் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, அதை ஆமை வேகத்தில் நகர்த்தி, அது வழுக்கிப் போகும் இரும்புத் தண்டுகளைத் துடைத்து எண்ணெய் போட்டு, ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டையும் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. எல்லாம் இருட்டில், ஒரு டார்ச் வெளிச்சத்தில். மற்ற மாடிகளில் அவருடைய கை வேலை செய்யும். மூன்றாம் மாடியில் காது வேலை செய்யும்.

சுவர் வழியாக வந்தது முழுப் பாடம் அல்ல. வாக்கியத்தின் தலை வரும், வால் வராது. "இந்த நிபந்தனை பொய்யானால் என்ன ஆகும்?" என்று ஒரு பெண் குரல் கேட்கும். என்ன ஆகும் என்று தெரிவதற்குள் கீழே காவலாளி இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்துவார். கூண்டை நகர்த்த வேண்டியிருக்கும். நிபந்தனை பொய்யானால் என்ன ஆகும் என்பதைத் தலையில் சுமந்துகொண்டு அவர் ஒரு மாதம் திரிவார். அடுத்த மாதம் அதே குழிக்கு வந்தால் பாடம் எங்கோ போயிருக்கும்.

கூட வேலை பார்த்தவருக்குப் பிரேக் என்று பட்டப்பெயர். எந்த வேலையையும் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் ஒருநாள் குழிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"மூணாவது மாடி மட்டும் என்ன புண்ணியம் பண்ணுச்சுண்ணே, இப்படி எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறீங்க?"

லிஃப்ட்காரர் துருவைக் காரணம் சொன்னார். துரு ஏதும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பள்ளி முடித்த வருடம் அவருக்கும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதே நேரம் பார்த்து அப்பா படுக்கையில் விழுந்தார். வீட்டுக்கு மூத்தவர் இவர். ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டுப் பிறகு சேரலாம் என்றார்கள். அந்த ஒரு வருடம் தம்பியின் படிப்பாக நீண்டது, தங்கையின் கல்யாணமாக நீண்டது, பிறகு தன் கல்யாணமாக, மகளாக நீண்டது. மகள் கணினிப் பொறியியல் படித்தாள். முதலாண்டில் பல நாள் அவரே வண்டியில் கொண்டுபோய் அவள் கல்லூரி வாசலில் விட்டிருக்கிறார். அவள் கட்டடத்துக்குள் போகும்வரை நிற்பார். அவள் திரும்பிப் பார்த்துக் கையசைப்பாள். தன்னைப் பார்த்துத்தான் அப்பா நிற்கிறார் என்று நினைத்தாள். அது பாதி உண்மை.

படித்து முடித்து அவள் தொலைவில் இன்னொரு ஊருக்கு மென்பொருள் எழுதும் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் மனைவியும் மிஞ்சினார்கள். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. வளாகத்தில் வேலை பார்க்கிறவர்களில் ஒருவருக்கு ஆண்டுதோறும் ஓர் இடம் ஒதுக்குவார்கள். முன்பு சேர்ந்தவர்கள், வேலையும் படிப்பும் ஒத்துவராமல் பாதியில் நின்றிருந்தார்கள். அந்த ஆண்டு யாரும் கேட்கவில்லை. ஒருநாள் முதல்வர் லிஃப்ட்டில் ஏறியபோது இவர் கேட்டார். முதல்வர் தப்பிப் போகாதபடி லிஃப்ட்டை நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டதாகப் பிரேக் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படி எதுவும் செய்யவில்லை என்று லிஃப்ட்காரர் கடைசிவரை சாதித்தார்.

இடம் கொடுத்தார்கள். ஆனால் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார்கள். முதல் பருவத்தின் நிரலாக்கச் செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் இடம் போய்விடும். ஒரு ஆளுக்கு ஒரு முறைதான். மறுபடி கேட்க முடியாது.

வீட்டில் சொன்னார். மனைவி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"இந்த வயசுல காலேஜா?"

"காலையில வகுப்பு, மத்தியானம் வேலை. பிரேக் ஷிஃப்ட் மாத்திக்கறேன்னு சொல்லிட்டான்."

"தண்ணி பாட்டில் கட்டி விடவா? பக்கத்துல இருக்கற பசங்க அடிச்சா வந்து சொல்லுங்க, நான் வந்து கேக்கறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய், மகள் விட்டுப் போன பையை எடுத்துத் தூசி தட்டினார்.

மகள் தொலைபேசியில் சிரித்தாள். பிறகு யோசித்து, இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல், ஞாயிறுதோறும் தானே சொல்லித் தருவதாகவும், இரண்டே மாதத்தில் முதலாண்டுப் பாடம் முழுவதையும் முடித்துவிடலாம் என்றும் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பாடம் வேண்டாம் பாப்பா," என்றார். "வகுப்பு வேணும்."

முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும், லிஃப்ட் ரிப்பேரா என்று ஒரு பையன் கேட்டான். இல்லை என்று சொல்லி, இரண்டாம் வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தார். அவர் அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் இருந்தது. அது எந்த சோப்புக்கும் போகாது.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் அவளுக்கு மைக்செட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் ரகசியம் பேசினால் கீழ்மாடிக்குக் கேட்கும். அங்கிள், நீங்க நிஜமாவே படிக்க வந்திருக்கீங்களா என்று அவள் மெதுவாகக் கேட்டது பின்வரிசை வரை போய்த் திரும்பியது. ஆமாம் என்றார். அப்படியானால் எனக்குக் கணக்கு வராது, உங்களுக்கு டைப்பிங் வராது, கூட்டு வைத்துக்கொள்வோம் என்றாள். அன்றைக்கே கூட்டு உறுதியானது.

விரிவுரையாளர் உள்ளே வந்தார். முப்பதுகளில் இருந்த பெண். பேச ஆரம்பித்ததும் லிஃப்ட்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை காலம் சுவருக்குப் பின்னால் கேட்ட குரல். இப்போதுதான் அதற்கு ஒரு முகம் கிடைத்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இன்னும் உயரமாக இருப்பார் என்று அவர் எண்ணியிருந்தார்.

நிபந்தனை பொய்யானால் என்ன ஆகும் என்ற பாடம் சில வாரங்களில் வந்தது. பொய்யானால் அந்தக் கட்டளையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அவ்வளவுதான். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முழு வாக்கியத்தையும், அதற்கு அடுத்த வாக்கியத்தையும், மணி அடிக்கும்வரை வந்த எல்லா வாக்கியங்களையும் கேட்டார்.

எல்லாம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து ஒற்றை விரலால் குத்துவார். அரைப்புள்ளியை மறப்பார். அடைப்புக்குறியைத் திறந்தால் மூட மறப்பார். மூடினால் தேவையில்லாத இடத்தில் மூடுவார். கணினி வரிசைகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதை மட்டும் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். தரைத்தளம் பூஜ்யம், அதற்கு மேல் ஒன்று. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. நிரல் எழுதுவதில் இதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர்தான் வகுப்பில் கடைசி.

ஒருநாள் விரிவுரையாளர் அவரை எழுப்பிக் கேள்வி கேட்டார். தப்பான பதில் சொன்னார். உட்காரச் சொன்னார்கள். அன்று மாலை மகளை அழைத்து, என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார்கள் என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். தப்பாகச் சொன்னேன் என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

முதல் உரசல் முதல் செய்முறையிலேயே வந்தது. ஓர் எண்ணை வாங்கி, அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்லும் நிரல். எழுதி அனுப்பினால், சரிபார்க்கும் மென்பொருள் ஒன்று அதை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும். லிஃப்ட்காரருக்குப் பூஜ்யம் வந்தது. நேரம் கடந்துவிட்டது என்று திரையில் ஒரு சிவப்பு வரி.

விரிவுரையாளர் வந்து பார்த்தார். எண்ணைக் கொடுத்தார். நிரல் சரியாகப் பதில் சொன்னது. சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கேட்டது. அதற்கும் பதில் சொன்னது. மறுபடி கேட்டது.

"இது எப்ப முடியும்?"

"முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

"ஏன் முடியணும்?" என்றார் லிஃப்ட்காரர். கேட்டது நிஜமாகவே. "முடிஞ்சுட்டா, அடுத்த ஆள் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

"அடுத்த ஆள் வந்தா மறுபடியும் ஓட்டுவாங்க."

"யாரு ஓட்டுவாங்க?"

வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை ஒரு கணம் தூக்கிப் பார்த்ததுபோலிருந்தது. பிறகு கீழே வைத்துவிட்டார். இந்தக் கல்லூரியில் நிரல் என்றால் முடிய வேண்டும், முடியாத நிரலுக்கு மதிப்பெண் கிடையாது என்றார்.

அவர் சொன்னது சரிதான். சரி என்பது லிஃப்ட்காரருக்கும் தெரிந்தது. ஆனால் தெரிவது வேறு, கை கேட்பது வேறு. அவர் தொழிலில், நின்றுபோனது என்றால் புகார். யாரும் ஏறாமல் தரைத்தளத்தில் வெறுமனே நிற்கும் லிஃப்ட்கூட ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யாராவது பொத்தானை அமுக்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பார்வை போய்விட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி. இத்தனை வருடம் அதைப் போகவிடாமல் காத்தவர், எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சுழலைப் போட்டுவிடுவார். சுழல் என்றால், சொன்ன வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை. அதிலிருந்து வெளியேறவும் ஒரு வழி வைக்க வேண்டும். அவர் வைக்க மாட்டார்.

மைக்செட்தான் காப்பாற்றினாள். ஒவ்வொரு செய்முறையிலும் அவர் அனுப்பும் பொத்தானைத் தொடும் முன், "அங்கிள், நிறுத்தினீங்களா?" என்று கேட்பாள். அறையே அவர் திரையைத் திரும்பிப் பார்க்கும். அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிரலுக்குத் திரும்பிப் போய், வெளியேறும் வழியை எழுதுவார். பதிலுக்கு அவர் அவளுக்கு மீதி காணும் கணக்கை மாடிப்படியில் வைத்துச் சொல்லித் தருவார். மதியம் அவர் நீலச் சீருடையில் கருவிப் பையோடு திரும்பி வரும்போது, கூடத்தில் யாருடன் நின்றாலும் அவள் குரல் கொடுப்பாள். எங்க கிளாஸ்மேட் என்று அறிமுகம் செய்வாள். அவருக்குக் கூச்சமாக இருக்கும். அதற்காக வேறு வழியில் போனதில்லை.

அவர் அந்தக் கல்லூரியில் முழுதாக முடித்தது அந்த ஒரே ஒரு பருவம்தான். இரண்டாவது பருவத்தின் நடுவில், ஒரு ஞாயிறு காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை அந்த முதல் பருவத்தைப் பற்றியது.

செய்முறைத் தேர்வு வந்தது. இடங்களை மாற்றிப் போட்டிருந்தார்கள். மைக்செட் அறையின் மறுகோடியில். அங்கிருந்தே அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, நிறுத்தச் சொல்லும் போக்குவரத்துக் காவலரைப் போல் உள்ளங்கையைக் காட்டினாள். அவர் தலையாட்டினார். இந்தமுறை மறக்கப் போவதில்லை. வழியெல்லாம் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்திருந்தார்.

கேள்வி பெரிதல்ல. ஒரு வாசிப்பறை. உள்ளே ஒருவர் வந்தால் ஒன்று என்று கொடுப்பார்கள். ஒருவர் வெளியே போனால் இரண்டு. பூஜ்யம் கொடுத்தால் நிரல் முடிய வேண்டும். முடியும்போது, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

அவருக்கு முகம் மலர்ந்தது. ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும்தானே. ஒற்றை விரலால் குத்தி முடித்தார். அடைப்புக்குறிகளை எண்ணிப் பார்த்தார். பூஜ்யம் வந்தால் வெளியேறும் வழியை மறக்காமல் வைத்தார். அவரே ஓட்டிப் பார்த்தார்: மூன்று பேரை உள்ளே விட்டார், மூன்று பேரையும் வெளியே அனுப்பினார், பூஜ்யம் கொடுத்தார். மூன்று என்று சொல்லிவிட்டு நிரல் சமர்த்தாக முடிந்தது. அனுப்பினார்.

சரிபார்க்கும் மென்பொருள் சில பச்சை வரிகளைக் காட்டியது. பிறகு வரிசையாகச் சிவப்பு. நேரம் கடந்துவிட்டது. நேரம் கடந்துவிட்டது.

தேர்வு நேரம் முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஆனால் தேற வேண்டுமென்றால் சிவப்பில் பாதியாவது பச்சையாக வேண்டும். அவர் நிரலை மேலிருந்து கீழாகப் படித்தார். கீழிருந்து மேலாகப் படித்தார். நிறுத்தும் வழி இருந்தது. பிறகு ஏன் நிற்கவில்லை?

மூன்றாம் முறை படித்தபோது கண்ணில் பட்டது. அவர் கை அவரைக் கேட்காமலே ஒரு வரி எழுதியிருந்தது. பூஜ்யம் வந்தால், உள்ளே யாரும் இல்லையென்றால் மட்டும் முடி. யாராவது இருந்தால், காத்திரு.

மென்பொருள் ஓட்டிப் பார்த்த சோதனைகளில் பாதிக்கு மேல், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே பூஜ்யம் கொடுத்திருந்தார்கள்.

அவர் கையைத் தூக்கினார். விரிவுரையாளர் வந்தார். தேர்வில் உதவக் கூடாது. கேள்வியில் சந்தேகம் என்றால் கேட்கலாம்.

"உள்ள ஆள் இருக்கும்போது பூஜ்யம் வந்தா என்ன செய்யறது மேடம்?"

"கேள்வியில என்ன போட்டிருக்கு?"

"முடிக்கணும்னு போட்டிருக்கு."

"அப்புறம் என்ன?"

"உள்ள ஆள் இருக்காங்களே."

விரிவுரையாளர் திரையைப் பார்த்தார். அந்த வரியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அங்க ஆள் யாரும் இல்ல. ஒரு எண் இருக்கு. அவ்வளவுதான்."

"எண்தான்," என்று ஒப்புக்கொண்டார் லிஃப்ட்காரர்.

விரிவுரையாளர் நகர்ந்து போய்விட்டார். லிஃப்ட்காரர் விரலை அழிக்கும் விசையின் மேல் வைத்தார். வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கிய முதல் திட்டு அவருக்கு நினைவிருந்தது. மின்சாரத்தை அணைக்கும் முன் கூண்டுக்குள் எட்டிப் பார்க்காமல் விசையில் கை வைத்துவிட்டார். உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் திட்டு விழுந்தது. அதற்குப் பிறகு, அவசரமோ மழையோ காய்ச்சலோ, பார்க்காமல் ஒருமுறைகூட அணைத்ததில்லை. குழிக்குள் தலையை நீட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்து, பதில் வராத அமைதியையும் சற்று நேரம் கேட்டுவிட்டுத்தான் கை விசைக்குப் போகும். அதை அவர் ஒரு நல்ல குணமாக நினைத்ததில்லை. மூச்சு விடுவது போல ஒரு பழக்கம்.

அந்த வரியை விட்டுவைத்தால் இடம் போய்விடும். நாளையிலிருந்து மறுபடி சுவருக்கு இந்தப் பக்கம். யாரும் அவரை எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள். தப்பான பதில் சொல்லக்கூட வழியிருக்காது.

சுவரில் கடிகாரம் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. மறுகோடியில் மைக்செட் முடித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாலும் எதுவும் சொல்ல முடியாது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அவர் அழித்தார். ஒவ்வோர் எழுத்தாக, வலமிருந்து இடமாக. முழு வரியையும் ஒரேயடியாக அழிக்கும் வழி மைக்செட் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

அனுப்பினார். எல்லாம் பச்சை.

தேர்வு முடிந்து எல்லோரும் வெளியேறும்போது விரிவுரையாளர் அவரை நிறுத்தினார். தேறிவிட்டீர்கள், இடம் உங்களுடையது என்றார். நன்றி சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றார்.

"அந்த வரி தப்பா மேடம்?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல." விரிவுரையாளர் விளக்குகளை அணைத்துக்கொண்டே பேசினார். "அடுத்த பருவத்துல சொந்தமா ஒரு திட்டம் செய்யணும். கேள்வியும் நீங்கதான் எழுதணும். அதுல என்ன வேணும்னாலும் வெச்சுக்கங்க. யாரு கேக்கப் போறா?"

வீட்டுக்குப் போனார். மனைவி முகத்தைப் பார்த்தே, போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, தேறிவிட்டேன் என்றார். தேறினவன் மூஞ்சியா இது என்று கேட்டுக்கொண்டே மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, வாசிப்பறை, ஒன்று, இரண்டு, பூஜ்யம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் இவர் சொன்னார்:

"உள்ள ஆள் இருக்கும்போதே நிறுத்திட்டேன்."

"கம்ப்யூட்டருக்குள்ள எவன் உக்காந்திருக்கான்?"

"யாரும் இல்லதான்."

மனைவி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறை வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்தார்.

"ரூம்னா கதவு இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்ப திறந்துக்கிட்டு வந்துடுவாங்க. எல்லாரையும் நீங்களேவா இறக்கிவிடணும்?"

அன்று முழுவதும் சிரிக்காதவர் அப்போதுதான் சிரித்தார். ஆனால் சாப்பிடும்போது அடுத்த பருவத் திட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், தட்டு காய்ந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட்டைக் கணினிக்குள் ஓடவிடப் போகிறார். அதில் யாராவது உள்ளே இருக்கும்வரை நிரல் முடியாது. கேள்வியை எப்படி எழுத வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டார். மனைவி அவர் தட்டை எடுத்துப் போனது அவருக்குத் தெரியவில்லை.

பருவத்தின் கடைசி நாள், விரிவுரையாளர் விடுமுறையை அறிவித்தார். வகுப்பு மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தது. சத்தம் அடங்கியதும் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"இவ்வளவு நாள் லீவு எதுக்கு மேடம்?"

"ஓய்வு எடுக்கத்தான்."

"எனக்கு வேண்டாங்க."

"அங்கிள்," என்றாள் மைக்செட், கல்லூரி முழுவதற்கும் கேட்கும்படி. "உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க. எங்க லீவுல கை வைக்காதீங்க."

விரிவுரையாளரும் சிரித்துவிட்டார். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அவர் கடைசியாக எழுந்தார். கரும்பலகையில் பாதி அழித்த ஒரு நிரல் இருந்தது. அது என்னவாக இருந்திருக்கும் என்று மிச்சமிருந்த வரிகளை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். காவலாளி பூட்டுவதற்கு வந்து நின்ற பிறகுதான் வெளியே வந்தார்.

அன்று மாலை மகளை அழைத்தார்.

"லீவு விட்டுட்டாங்க பாப்பா," என்றார், யாரோ இறந்துபோன செய்தியைச் சொல்லும் குரலில்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் திறக்கும் தேதியைச் சொன்னார். பிறகு அன்றைய தேதியையும் சொன்னார், நடுவில் எவ்வளவு கிடக்கிறது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல.